ஜன்னல் இல்லாத பெட்டிகளில் சேகரிக்க என்ன இருக்கிறது?

வாசகர் கேள்வி, 4 ஜனவரி 2025

பிரிட்டிஷ் மாடல் ரயில் சேகரிக்கும் நீங்கள் எஞ்சினை விட்டுவிட்டு பார்சல் வேன், தபால் பெட்டி என்றே வாங்குகிறீர்கள். பாதிக்கு மேல் ஜன்னலே இல்லை. எல்லாம் ஒரே அழுக்குச் சிவப்பு அல்லது ஒரே நீலம். பயணிகள் ரயிலுக்குப் பின்னால் ஒன்றை மாட்டினால் போதாதா? இருபது எதற்கு?

4 ஜனவரி, இரவு

போதாது. ஏன் என்று என் அலமாரியைப் பார்த்தே சொல்கிறேன்.

1948-இல் பிரிட்டனில் ரயில்வேயை அரசுடைமையாக்கியபோது எல்.எம்.எஸ்., எல்.என்.இ.ஆர்., கிரேட் வெஸ்டர்ன், சதர்ன் என்ற நான்கு பெரிய கம்பெனிகளின் வண்டிகளும் ஒரே வீட்டுக்கு வந்து சேர்ந்தன. பயணிகள் பெட்டி பெரும்பாலும் தன் பழைய ஊர்ப்பக்கமே ஓடியது. பார்சல் வேன் அப்படியில்லை. சரக்கு எங்கே போகிறதோ அங்கே அதுவும் போகும், திரும்பும்போது வேறு சரக்கோடு வேறு திசையில் போகும். அதனால் ஐம்பதுகளின் பார்சல் ரயிலில் நான்கு கம்பெனியின் கைவேலையும் அடுத்தடுத்து நிற்கும். உயரம் ஒவ்வொன்றுக்கும் வேறு, கூரை வளைவும் வேறு, சக்கரம் நான்கு, ஆறு, எட்டு. கல்யாண வீட்டில் நாலா பக்கமிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து நின்ற மாதிரி இருக்கும்.

ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சதர்ன் ரயில்வேயின் பி.எம்.வி. என்ற நாலு சக்கர வேன். 32 அடி நீளம், பக்கமெல்லாம் பலகை. அதே அச்சில் சி.சி.டி. என்று இன்னொன்று. பக்கவாட்டில் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி. முனையைத் திருப்பிப் பாருங்கள். சி.சி.டி.யின் முனைச் சுவரில் கதவு இருக்கும், அது வழியாக மோட்டார் காரை ஓட்டி உள்ளே ஏற்றுவார்கள். பி.எம்.வி.யில் கிடையாது. இது தெரியாமல் நான் மூன்று வருடம் இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன். தெரிந்த அன்றைக்கே இரண்டாவதைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

நான் வைத்திருக்கும் விதி இதுதான்: ஒரு பார்சல் ரேக்கில், அதாவது ஒரே ரயிலாகக் கோத்த பெட்டி வரிசையில், இரண்டு பெட்டி ஒன்றுபோல் இருக்கக் கூடாது.

5 ஜனவரி

நேற்று எழுதியதை ஒருமுறை படித்தேன். அந்த விதிக்கு ஒரு எல்லை போட வேண்டும். அது ஐம்பதுகளுக்கும் அறுபதுகளுக்கும் பொருந்தும். எண்பதுகளுக்கு வந்தால் பழையவை பெரும்பாலும் கழிந்துபோய், அரசு ரயில்வேயான பிரிட்டிஷ் ரெயிலின் மார்க் 1 என்ற பொது வடிவக் குடும்பத்து பி.ஜி.யும் ஜி.யு.வி.யும்தான் நீல நிறத்தில் வரிசையாக நிற்கும். அந்தக் காலத்தை ஓட்டுபவர் நாலு ஜி.யு.வி. ஒரே மாதிரி வாங்கினால் அது தப்பில்லை. தபால் ரயிலுக்கும் இந்த விதி ஆகாது.

5 ஜனவரி, மதியம்

"பி.ஜி., ஜி.யு.வி. என்றால் என்ன, சுருக்கம் மட்டும் எழுதுகிறீர்கள்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயம்.

பி.ஜி. என்பது கார்டு உட்காரும் பிரேக் வேன். நடுவில் கார்டுக்கு அறை, இரண்டு பக்கமும் சரக்குக்கு இடம், முனைகளில் அடுத்த பெட்டிக்குப் போக வெஸ்டிபியூல். ஜி.யு.வி. என்றால் எதற்கும் பயன்படும் வேன், முனையில் கதவு உண்டு, வெஸ்டிபியூல் கிடையாது. இரண்டுமே 57 அடி. நாங்கள் வைத்திருக்கும் ஓ.ஓ. அளவில் ஒரு அடிக்கு 4 மில்லிமீட்டர் கணக்கு, ஆக 228 மில்லிமீட்டர். அடிக்கோலை எடுத்து வைத்துப் பாருங்கள், நல்ல மாடல் முடி அளவுகூடப் பிசகாது.

சைஃபன் என்று ஒன்று இருக்கிறது, அதன் பெயர்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கிரேட் வெஸ்டர்ன் கம்பெனி தந்தியில் வார்த்தையை மிச்சம் பிடிக்க ஒவ்வொரு வகை வண்டிக்கும் ஒரு சங்கேதப் பெயர் வைத்திருந்தது. பால் கேன் ஏற்றும் வேனுக்கு சைஃபன். பால் சூடாகாமல் இருக்கக் காற்று புக வேண்டும் என்று பக்கச் சுவரில் இடைவெளி விட்ட சட்டங்கள். பால் டாங்கருக்கு மாறிய பிறகு அதே வேனில் செய்தித்தாளும் பார்சலும் ஏற்றினார்கள். ஆக ஒரு சைஃபன் ஜி மாடலை வாங்கினால் உங்கள் கையில் பால் வண்டியும் இருக்கிறது, பேப்பர் வண்டியும் இருக்கிறது. எந்த வருடத்தை ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

9 ஜனவரி

இன்று இதை எழுதாமல் தூங்க முடியாது. 2004-இல் இதே ஜனவரி 9 இரவுதான் பிரிட்டனில் ஓடும் ரயிலுக்குள் கடிதம் பிரிக்கும் வேலை கடைசியாக நடந்தது. 1838 ஜனவரியில் கிராண்ட் ஜங்ஷன் ரயில்வேயில், குதிரை ஏற்றும் வண்டி ஒன்றை மாற்றியமைத்து பர்மிங்ஹாமுக்கும் வாரிங்டனுக்கும் நடுவே தொடங்கியது. 166 வருடம்.

டி.பி.ஓ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள், நடமாடும் தபால் நிலையம். இந்தப் பெட்டியைப் பற்றி வாசகர் சொன்ன "ஜன்னலே இல்லை" என்ற வார்த்தைக்கு இப்போது பதில் சொல்கிறேன். ஜன்னல் இல்லாததற்குக் காரணம் இருக்கிறது. உள்ளே ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கட்டம் கட்டமாக அலமாரி, ஊர் ஊராகக் கடிதம் போட. எதிர்ப்பக்கத்தில் பைகளை மாட்டக் கொக்கிகள். அலமாரி வைத்த சுவரில் ஜன்னல் வைத்தால் அலமாரி எங்கே போகும்? மாடல் வாங்குபவர்கள் கண்ணாடியும் எழுத்தும் இருக்கும் பக்கத்தையே பார்த்து வாங்குகிறார்கள். நான் முதலில் மொட்டைச் சுவரைத்தான் பார்ப்பேன். வேலை நடந்தது அந்தச் சுவருக்குப் பின்னால்.

பெட்டியின் வெளியே ஒரு சின்ன வாய் இருக்கும். அது தெருவில் இருக்கும் தபால் பெட்டியின் வாய் மாதிரி. ரயில் ஸ்டேஷனில் நிற்கும்போது கூடுதல் கட்டணத்துக்குத் தபால்தலை ஒட்டிய கடிதத்தை நேராக அதில் போடலாம். மாடலில் அது ஒரு மில்லிமீட்டர் உயரம்கூட இருக்காது, அச்சடித்த ஒரு கோடு. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால்தான் தெரியும்.

11 ஜனவரி

நான் வேறோர் இடத்தில் "மார்க் 1 தபால் பெட்டிகளில் வலை கிடையாது, வலை வைத்த மார்க் 1 மாடல் கற்பனை" என்று எழுதியிருந்ததை ஒருவர் இங்கே கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார். தப்பு என்னுடையது. 1959-இல் வந்த முதல் தொகுதியில் வலை இருந்தது. அதற்குப் பின்னால் கட்டியவற்றில்தான் இல்லை. என் கண் முழுக்க எழுபதுகளின் பெட்டிகளிலேயே இருந்ததால் முதல் தொகுதியை மறந்துவிட்டேன்.

வலை என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: ரயில் நிற்காமலேயே பையைக் கொடுக்கவும் வாங்கவும் ஒரு ஏற்பாடு. தண்டவாளத்தின் ஓரத்தில் கம்பத்தில் தோல் உறையில் சுற்றிய பை தொங்கும். பெட்டியின் பக்கத்திலிருந்து வலை விரிந்து போகிற வேகத்திலேயே அதை அள்ளிக்கொள்ளும். இறங்க வேண்டிய பை பெட்டியின் கையில் தொங்கிக்கொண்டு வந்து, தரையில் இருக்கும் வலையில் விழும். இருட்டில், மழையில், முழு வேகத்தில். வலை எப்போது விரிய வேண்டும் என்பதை உள்ளே இருப்பவர் பாலத்தின் சத்தத்தையும் வழியில் தெரியும் அடையாளத்தையும் வைத்துக் கணிக்க வேண்டும். ஒரு நொடி முந்தினால் சிக்னல் கம்பத்தில் மாட்டும். 1971 அக்டோபர் 4-ஆம் தேதி பென்ரித் பக்கத்தில் கடைசியாக ஒரு பை இப்படிப் பிடிக்கப்பட்டது.

ஆகவே மாடல் வாங்கும்போது: வலை தெரிந்தால் 1971 வரை. ராயல் மெயிலின் பளிச்சென்ற சிவப்பு வண்ணம் 1986-க்குப் பிறகு. அந்தச் சிவப்புப் பெட்டியில் வலை விரிந்து நின்றால் அது பாதுகாக்கப்பட்ட ரயிலில் வேடிக்கை காட்டும் பெட்டியாக மட்டுமே இருக்க முடியும். உண்மையாகவே பார்க்க ஆசைப்படுபவர்கள் லெஸ்டர்ஷரில் கிரேட் சென்ட்ரல் ரயில்வேயின் க்வார்ன் ஸ்டேஷனில் நடத்திக் காட்டும் நாளில் போங்கள். டிட்காட்டிலும் கிரேட் வெஸ்டர்ன் தபால் பெட்டி ஒன்று இருக்கிறது. பை வலையில் விழும் சத்தம், அப்பா, பீரோ கவிழ்ந்த மாதிரி.

11 ஜனவரி, பின்குறிப்பு

பழைய தபால் பெட்டிகளில் வெஸ்டிபியூல் நடுவில் இருக்காது, ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். அலமாரிக்கு ஒரு பக்கம் போய்விட்டதால் நடைபாதை மறுபக்கம் தள்ளிப்போனது. அதனால் அவற்றைச் சாதாரணப் பயணிகள் பெட்டியோடு வெஸ்டிபியூல் சேர்க்க முடியாது, தபால் பெட்டிகள் தங்களுக்குள் மட்டும் சேரும். நான் ஒருமுறை பித்தளைத் தகட்டில் வந்த கிட் ஒன்றைக் கட்டும்போது பழக்க தோஷத்தில் வெஸ்டிபியூலை நடுவில் பற்றவைத்துவிட்டேன். அழகாக வந்திருந்தது. பிரித்தேன். பிரிக்கும்போது முனைத் தகடு வளைந்துவிட்டது, அதை நிமிர்த்த ஒரு ஞாயிறு போனது. அந்த வளைவின் தடம் இன்னும் மெலிதாக இருக்கிறது, கை வைத்தால் தெரியும்.

18 ஜனவரி

பழைய பொருள் சந்தையில் இன்று ஒன்று கிடைத்தது. அறுபதுகளின் இயங்கும் தபால் பெட்டி, மெரூன் பிளாஸ்டிக் உடல், டிரை-ஆங் என்ற பிரிட்டிஷ் பொம்மை ரயில் கம்பெனியின் முத்திரை. விற்றவர் "எல்லாம் ஓடும், கம்பமும் தொட்டியும் உள்ளே இருக்கிறது" என்றார். வீட்டுக்கு வந்து திறந்தால் கம்பம் இருக்கிறது, தொட்டி இருக்கிறது, பை ஒன்றுகூட இல்லை. வலையை இழுக்கும் ஸ்பிரிங் துரு. சக்கரம் பழைய தடித்த விளிம்பு, என் லேஅவுட்டில், அதாவது வீட்டில் போட்டிருக்கும் தண்டவாள அமைப்பில், தடம் பிரியும் பாயின்ட்டில் தடக்தடக்கென்று ஏறி இறங்கியது.

கோபமில்லை. பையில்லாத தபால் பெட்டிகள்தான் சந்தையில் அதிகம். குழந்தைகள் விளையாடும் பொருளில் முதலில் தொலைவது எது? சின்னது. சுண்டி எறியப்படுவதற்கென்றே செய்த சின்னது என்றால் கேட்கவே வேண்டாம்.

19 ஜனவரி

நேற்றைய பெட்டியைப் பிரித்தேன். வேலை செய்யும் விதத்தை எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

தண்டவாளத்தில் ஒரு சரிவுக்கட்டையை வைக்க வேண்டும். பெட்டிக்கு அடியில் தொங்கும் நெம்புகோல் அதில் ஏறியதும் வலைச் சட்டம் வெளியே விரிகிறது, கம்பத்தில் தொங்கும் பையை வாங்குகிறது. உள்ளே ஏற்கெனவே இருக்கும் பையை ஒரு தட்டு வெளியே தள்ளித் தொட்டியில் போடுகிறது. சரிவு முடிந்ததும் ஸ்பிரிங் வலையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. உண்மையான பெட்டியில் ஒரு மனிதன் கணித்துச் செய்ததை இங்கே கட்டையின் இடம் செய்கிறது.

ஸ்பிரிங்குக்கு ரீஃபில் பேனாவின் ஸ்பிரிங்கை வெட்டிப் போட்டேன். முதலில் ஆறு சுற்று விட்டேன், வலை விரியவே இல்லை. நாலு சுற்றாக்கியதும் விரிந்தது, ஆனால் பாதியில் சோம்பி நின்றது. ஐந்து சரியாக வந்தது. சக்கரத்துக்கு 14 மில்லிமீட்டர் உலோகச் சக்கரம். பழைய அச்சு நீளம் வேறு, அதனால் போகி என்ற சக்கரச் சட்டத்தின் குழியில் பித்தளை புஷ் வைக்க வேண்டியிருந்தது.

பை: எம்4 நட் இரண்டை ஒட்டி, அதன் மேல் பழைய காக்கித் துணியைச் சுற்றி, பசை காய்ந்ததும் மெல்லிய செம்புக் கம்பியில் ஒரு வளையம். நட் ஒன்று மட்டும் வைத்தபோது பை லேசாக இருந்து வலையில் பட்டுத் தெறித்தது. இரண்டு வைத்ததும் சொன்னபடி கேட்டது.

26 ஜனவரி

நீளம் பற்றிக் கேட்டவருக்கு. மார்க் 1 தபால் பெட்டி 63 அடிக்கு மேல், ஓ.ஓ.வில் ஏறக்குறைய 254 மில்லிமீட்டர். செட்டில் வரும் இரண்டாவது வட்டத் தண்டவாளத்தின் ஆரம் 438 மில்லிமீட்டர். ஓடும், ஆனால் வளைவில் பெட்டியின் நடு உள்ளே தள்ளி, முனை வெளியே நீட்டிக்கொண்டு அசிங்கமாக இருக்கும். இரண்டு தபால் பெட்டி அடுத்தடுத்து வந்தால் வெஸ்டிபியூல் இரண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரி. இடமில்லாதவர்கள் குட்டி வேன்களில் தொடங்குங்கள். எல்.எம்.எஸ்.ஸின் ஸ்டோவ் ஆர், ஆறு சக்கரம், நீளம் ஏறக்குறைய பாதி. கார்டு குளிர் காய உள்ளே ஒரு அடுப்பு, கூரையில் அதன் புகைபோக்கி. சின்ன வளைவிலும் லட்சணமாகப் போகும்.

26 ஜனவரி, மாலை

1963 ரயில் கொள்ளை ரேக்கை ஓட்டுவீர்களா என்று ஒருவர். மாட்டேன். தபால் பெட்டி என்றாலே பலருக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது: ஆகஸ்ட் 8, கிளாஸ்கோவிலிருந்து லண்டன் போன ரயில், டி326 எஞ்சின், 26 லட்சம் பவுண்டு. எஞ்சினையும் முதல் இரண்டு பெட்டியையும் கழற்றிக் கொண்டுபோனார்கள். பின்னால் நின்ற பெட்டிகளில் ஊழியர்கள் நடந்தது தெரியாமல் கடிதம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எஞ்சின் டிரைவர் ஜாக் மில்ஸுக்குத் தலையில் அடி. அவர் பழையபடி தேறவே இல்லை. அந்த எண் போட்ட எஞ்சினை ஆசையாக வாங்குபவர்களை நான் குறை சொல்லவில்லை. என் லேஅவுட்டில் எல்லா ராத்திரியும் பைகள் எல்லாம் போய்ச் சேரட்டும்.

2 பிப்ரவரி

கொஞ்சம் விலகிப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பைத்தியம் எனக்கு இங்கிலாந்தில் வந்ததில்லை. என் சித்தப்பா திருச்சியில் ஆர்.எம்.எஸ். என்ற ரயில்வே தபால் சேவையின் டி டிவிஷனில் இருந்தார். இந்தியாவில் ரயிலுக்குள் கடிதம் பிரிப்பது 1863-இல் அலகாபாத்துக்கும் கான்பூருக்கும் நடுவே தொடங்கியது, பிரிட்டனின் அதே முறைதான். இரவு வண்டிக்குப் போகும்போது சித்தப்பா தூக்குச்சட்டியில் தயிர்சாதம் எடுத்துக்கொண்டு போவார். ஒருமுறை ஸ்டேஷனில் பெட்டியின் கதவு திறந்திருந்தபோது எட்டிப் பார்த்தேன். மஞ்சள் பல்ப், சணல் பையின் வாசனை, அரக்கு வாசனை, சுவர் முழுக்கக் கட்டங்கள். சித்தப்பா நின்றுகொண்டே கடிதங்களைச் சீட்டுப் போடுவது போல் வீசிக்கொண்டிருந்தார். முகவரியைப் படித்த மாதிரியே தெரியவில்லை, கை தானாகப் போனது. "போடா, வண்டி கிளம்பிடும்" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

பல வருடம் கழித்து ஒரு பிரிட்டிஷ் டி.பி.ஓ.வுக்குள் ஏறியபோது எல்லாம் வேறு நிறம், வேறு எழுத்து. ஆனால் அந்தக் கட்டங்களின் அளவைப் பார்த்ததும் கை எங்கே போக வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து வாங்குகிறேன்.

என் மாடல்களில் ஒன்றின் உள்ளே கட்ட அலமாரியை அட்டையில் வெட்டி ஒட்டியிருக்கிறேன். கூரையை மாட்டினால் யாருக்கும் தெரியாது. ஒரு உருவமும் வைத்திருக்கிறேன், முதுகு காட்டி நிற்கும்.

3 பிப்ரவரி

மேலே ஜனவரி 4-இல் பயணிகள் பெட்டி பெரும்பாலும் ஊர்ப்பக்கமே ஓடியது என்று எழுதினேன். பகுதி விட்டுப் பகுதி போகும் தொலைதூர ரயில்கள் இருந்தன. "பார்சல் வேன் அளவுக்கு அலைந்ததில்லை" என்று திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

8 பிப்ரவரி

சரிசெய்த பெட்டியைச் சோதித்தோம். மகள் கன்ட்ரோலரில், நான் கம்பத்துக்குப் பக்கத்தில் தரையில் முழங்கால் போட்டு. பத்து சுற்றில் ஏழு பை பிடித்தது. மெதுவாக ஓட்டினால் நல்லது என்று நினைத்திருந்தேன், இல்லை. மெதுவாகப் போனால் வளையம் கம்பத்தின் கொக்கியிலிருந்து கழலாமல் பெட்டியையே இழுத்துப் பிடிக்கிறது. கொஞ்சம் வேகம் கொடுத்ததும் சுத்தமாகக் கழன்றது. மகள் சொன்னாள்: "அப்பா, நிஜ ரயிலும் வேகமாகத்தானே போச்சு."

9 பிப்ரவரி

முதல் கேள்வி கேட்ட வாசகர் எழுதியிருக்கிறார், ஒரு பி.எம்.வி. வாங்கிவிட்டாராம், பாயின்ட்டில் தடம் புரள்கிறதாம்.

எடை பாருங்கள். ஒரு அச்சுக்கு 25 கிராம் என்பது இங்கே பொதுவாகச் சொல்லும் கணக்கு, இரண்டு அச்சுக்கு 50. சமையலறைத் தராசு போதும். குறைந்தால் ஈயத் தகடோ பழைய நட்டுகளோ உள்ளே ஒட்டுங்கள், தரையை ஒட்டி, அச்சுகளுக்கு நடுவில். கூரைப்பக்கம் ஒட்டினால் வளைவில் ஆடும். அப்புறம் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள், அது 14.5 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தும் புரண்டால் எந்தப் பாயின்ட், எந்தத் திசையில் என்று எழுதுங்கள். முனையையும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள், கதவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.